படவீட்டுக் கமலாட்சி

கமலாட்சிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். சின்ன வயதிலேயே சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடிதான் தின்பாள். "இவளக் கட்டிக்கப் போறவன் பாவம், பின்னாலயே ஓடணும்" என்று அவளுடைய அப்பா பழனிமுத்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த தொழிலோ, வருகிறவர்களையெல்லாம் "ஆடாதீங்க, அசையாதீங்க, கண்ண மூடாதீங்க" என்று அதட்டி உட்கார வைக்கிற தொழில்.

அவளைக் கட்டியவன் சிவலிங்கம். மாத்தளை டவுனில், திருகோணமலை வீதியில், ஜோதி ஸ்டூடியோ என்று சின்னதாக ஒன்று வைத்திருந்தான். எழுபத்து நான்கில் அவள் அங்கே குடிவந்தபோது ஸ்டூடியோவில் நிற்க இடமில்லை. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிற தோட்டத்து ஆட்களுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கிற காலம் அது. ரத்தோட்டைப் பக்கத்திலிருந்தும் எல்கடுவ மலையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இறங்கி வருவார்கள். கமலாட்சி அவர்களுக்குத் தலை சீவிவிடுவாள், பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பாள், சட்டை இல்லாதவனுக்குச் சிவலிங்கத்தின் சட்டையை மாட்டிவிடுவாள். சில குடும்பங்களில் பாதிப் பேருக்குத்தான் பயணம். அந்தப் பாதி வெளிச்சத்தில் நிற்கும். இங்கேயே இருக்கச் சொல்லப்பட்ட மற்றப் பாதி சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

சிவலிங்கம் கலியாண வீடுகளுக்குப் போகிற நாட்களில் அவளே கேமராவைப் பிடிக்க ஆரம்பித்தாள். தன் அப்பாவையும் இரண்டு தம்பிமாரையும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது அவள்தான். "நீயும் வந்து நில்லும்மா" என்றார் பழனிமுத்து. "நான் நின்னா யாருப்பா எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். அவர்கள் ரயிலேறிப் போன பிறகுதான், அந்தக் குடும்பத்துக்கு அவளோடு சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தமிழர் கடைகளைத் தேடித் தேடிக் கும்பல் கொளுத்தியதில் கடை வீதி எரிந்தது. ஜோதி ஸ்டூடியோவின் முன்கண்ணாடியை நொறுக்கி, கேமராவை வீதியில் போட்டு மிதித்து, படம் எடுக்கத் தொங்கவிட்டிருந்த சீலைக்குத் தீ வைத்தார்கள். கமலாட்சியும் சிவலிங்கமும் பக்கத்துக் கடைக்காரர் அப்துல் ஸமத்தின் வீட்டில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே கிடந்து தப்பினார்கள். மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற பழைய வியாபாரி அவர். ஸ்டூடியோச் சுவரில் மழை ஒழுகுகிறதென்று நெகட்டிவ் பெட்டிகளை அதற்கு முந்தின வருசமே அவருடைய மேல்மாடிக் களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவை தப்பின.

சிவலிங்கத்துக்கு அதற்குப் பிறகு கால் தரிக்கவில்லை. சைக்கிள் மணி அடித்தாலும் திடுக்கிடுவான். மறு வருசம் திருச்சியிலிருந்த அண்ணனிடம் போவதென்று முடிவெடுத்தான்.

"நீயும் பொறப்படு. இங்க என்ன இருக்கு?"

"போங்க, பின்னால வர்றேன்" என்றாள்.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. போகத்தான் நினைத்தாள். ஆனால் பிள்ளையின் முதலாம் வகுப்புக்குப் படம், அடையாள அட்டைக்குப் படம், செத்தவருக்கு மாலை போட்டு மாட்ட ஒரு படம் என்று யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். ஸமத் தன் மகளின் கலியாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து வருவித்த கேமராவை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "வெச்சிக்கோ தங்கச்சி. எங்கட ஊட்டுல அத ஒழுங்காப் பிடிக்க ஆளில்ல" என்றார். கமலாட்சி திருச்சிக்குப் போகவே இல்லை. சிவலிங்கம் அங்கே வேறு குடும்பம் கண்டான் என்று கேள்விப்பட்டபோது அன்று முழுக்க ஸ்டூடியோவைக் கழுவினாள். கழுவின தரையையே திரும்பவும் கழுவினாள்.

பிறகு எண்பத்தொன்பது வந்தது. இந்த முறை சாவு, கிளர்ச்சி செய்த பையன்களுக்கும் அவர்களை வேட்டையாடிய படைகளுக்கும் பின்னால் சிங்களக் கிராமங்களுக்குள் புகுந்தது. வீதியோரத்தில் ஆட்களை டயர் போட்டு எரித்த இடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க ஊர் பழகிவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் கேட்கப் போக இடமில்லை. அப்படி ஒரு நாள் பகலில் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று பேர் ஸ்டூடியோவுக்குள் வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்கிற துணிச்சல் அந்த நாட்களில் யாருக்கும் கிடையாது.

"அடையாள அட்டைக்கு எடுத்த படமெல்லாம் எங்க?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். "ரெண்டு வருசத்து நெகட்டிவ் எல்லாம் வேணும். பெயரோட. நாளைக்கு வருவோம்."

அவர்கள் போனதும் கமலாட்சி களஞ்சியத்துக்கு ஓடினாள். ஒவ்வொரு நெகட்டிவும் ஒரு கடதாசி உறையில், மேலே பெயரும் ஊரும் எழுதி அடுக்காக இருந்தது. எழுதியது அவள் கைதான். பல்லேகமவிலிருந்தும் பலாபத்வலவிலிருந்தும் டவுன் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வந்த பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். யார் முகம் எது என்று தெரியாதவன்கூட இந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகலாம்.

"ஸமத் நானா, இத எரிக்கணும்" என்றாள்.

ஸமத் அவளையே பார்த்தார். "எரிச்சா நாளைக்கு உன்ன என்ன செய்வானுகளோ?"

"அத நாளைக்குப் பாக்கலாம்."

கிராம்பு காயப்போடுகிற பின்முற்றத்தில் தகரத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். பிலிம் சுருண்டு சுருண்டு கரும்புகை விட்டது. நாற்றம் வீதிக்குப் போகக்கூடாதென்று ஸமத் மிளகுக் காம்பை அள்ளி அள்ளி மேலே போட்டார். இரண்டு பேரும் இருமி இருமிக் கண்ணீர் விட்டார்கள். எந்தக் கண்ணீர் புகையால் வந்தது, எது அதனால் வரவில்லை என்று அவர்களுக்கே தெரியாது. அந்த இரண்டு வருசங்களை மட்டும்தான் எரித்தாள். மற்றதைத் தொடவில்லை.

மறுநாள் வந்தவர்களிடம், "கறையான் அரிச்சிருச்சி, மழையும் ஒழுகிச்சி, வீசிட்டேன்" என்றாள். ஒருவன் அவள் கன்னத்தில் அறைந்தான். பிறகு ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு கட்டடத்தின் தாழ்வாரத்தில் நீளமான மர வாங்கு ஒன்றில் உட்கார வைத்தார்கள். "அசையக்கூடாது" என்றார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பொழுது சாயும் வரை அப்படியே இருந்தாள். உள்ளேயிருந்து வந்த சத்தங்களுக்குக் காதைப் பொத்தவும் கையைத் தூக்கவில்லை. பிறகு, போ என்று விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. அன்றிலிருந்து ஸ்டூடியோவில் வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த வாங்கை எடுத்துவிட்டு நாற்காலிகள் போட்டாள். "அசையாதீங்க" என்ற சொல்லும் அவள் வாயில் வருவதில்லை. "இங்க பாருங்க" என்பாள், அவ்வளவுதான்.

தொண்ணூற்றைந்தில் ஒரு நாள் பல்லேகமவிலிருந்து சோமாவதி என்ற அம்மா வந்தாள். காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவள், வெயிலில் கறுத்த முகம். அவளுடைய மகன் ஜயதிஸ்ஸ எண்பத்தொன்பதில் காணாமல் போனவன். காணாமல் போனவர்களைப் பற்றிக் கமிஷன் வைத்து விசாரிக்கிறார்கள், படம் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்றாள்.

"எங்க ஊட்டுல இருந்த ஒரே படத்தையும் அவனத் தேடி வந்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. அடையாள அட்டைக்கு இங்கதான் எடுத்தான், நங்கி. உங்ககிட்ட இருக்கும்."

நங்கி, தங்கச்சி என்று அழைத்தவளிடம் கமலாட்சி உள்ளதைச் சொன்னாள்.

"எரிச்சிட்டேன், அக்கே."

"ஏன்?"

"அவங்க கையில கிடைக்கக்கூடாதுன்னு."

சோமாவதி கோபப்படவில்லை. "படம் அவங்களுக்குக் கிடைக்கல்ல" என்றாள். "புள்ள கிடைச்சிட்டான்."

அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு கமலாட்சியால் கடைக்குள் நிற்க முடியவில்லை. திருகோணமலை வீதி நெடுக நடந்தாள். பஸ் ஸ்டாண்ட் வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அந்தப் பெட்டிகளால் யாராவது தப்பினார்களா? தப்பியவன் வந்து சொல்லப்போவதில்லை. தப்பாதவனின் தாய் வந்துவிட்டாள். நெகட்டிவ்தானே எரிந்தது, அந்தப் பையன் பிறந்து வளர்ந்து நடமாடிய ஊரில் வேறு யார் கேமராவிலும் படாமலா இருந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது அந்த நடையில்தான்.

அடுத்த ஞாயிறு கேமராவையும் படத்தைப் படமெடுக்கிற சின்னத் தாங்கியையும் பன்புல்லில் பின்னிய ஒரு பையில் போட்டுக்கொண்டு பல்லேகம பஸ்ஸில் ஏறினாள். ரத்தோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கி, இலுக்கும்புர வழியாகப் போகிற பஸ். சோமாவதி அவளை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியைத் திறந்தார்கள். கலியாணம், பிக்குமாரின் பிரித் ஓதல், கிரிக்கெட் கோப்பை வாங்கிய பையன்கள், வாசலில் நிற்கும் புது டிராக்டர். படத்தை வெயிலில் வைத்துக் கமலாட்சி படமெடுப்பாள். எடுக்கிற நேரம் முழுக்க வீட்டுக்காரர்கள் பேசுவார்கள். "இவன் இப்ப இல்ல." "இவ எங்க போனான்னு தெரியாது." ஜயதிஸ்ஸவைத் தேடிப் போனவளுக்கு வேறு வேறு முகங்களாகக் கிடைத்தன.

ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் இப்படியே அலைந்தாள். ஜயதிஸ்ஸ மட்டும் அகப்படவில்லை. கிரிக்கெட் படத்தில் அவன் நிற்கவேண்டிய இடத்தில் மரம் நின்றது. பெரஹெர ஊர்வலப் படத்தில் யாருடையதோ தலை மறைத்தது. அவன் மிளகு பறிக்க உக்குவலைக்கு வருவானென்று யாரோ சொன்னார்கள். அங்கே மிளகுத் தோட்டம் வைத்திருந்த றஹீமின் மகள் உம்மு குல்தூமின் கலியாணம் எண்பத்தேழில் நடந்தது. அந்தப் படங்களை எடுத்ததே கமலாட்சிதான்! ஆனால் நெகட்டிவை அப்போதே வீட்டாரிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

உம்மு குல்தூம் கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். "எங்கட அவருக்கு விருப்பமில்ல. கலியாணப் படத்தில எல்லாப் பொம்புளயளும் ஈக்கிறாங்க. அதப் போய் வெளிய எடுக்க ஏலாது."

"உங்க படம் எனக்கு வேணாம் புள்ள. உள்ள யாராவது வேலைக்கு வந்த பையன் இருக்கானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஆல்பத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, "ஒரு படத்தில சகன் தூக்கிட்டு ஒரு சிங்களப் பொடியன் வாரான்" என்றாள். ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு அது. மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு, பாரத்தில் கொஞ்சம் சாய்ந்து, நேரே கேமராவைப் பார்த்தபடி ஒரு பையன் என்று உள்ளேயிருந்தே விவரம் சொன்னாள். கமலாட்சி கறுப்புக் கடதாசியில் சதுரமாகச் சின்ன ஓட்டை வெட்டி உம்மு குல்தூமிடம் கொடுத்தாள். அவளே அதைப் படத்தின் மேல் வைத்து மற்ற எல்லோரையும் மறைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். பையனின் முகமும் தோளும் மட்டும் தெரிந்தன.

பெரிதாக்கினபோது முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. ஆனாலும் முகம்தான். சோமாவதி அதை மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தாள். அழுவாள் என்று கமலாட்சி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. விரலால் சட்டையைத் தடவினாள்.

"இந்தச் சட்டை எனக்குத் தெரியாதே நங்கி. கட்டம் போட்ட சட்டை. யார் வாங்கிக் கொடுத்தது?"

கமலாட்சி படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துச் சட்டையைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட இருந்த எல்லாத்தையும் எனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் சோமாவதி. வழியெல்லாம் அந்தச் சட்டையைப் பற்றியே பேசிக்கொண்டு போனாள்.

விசாரணையில் அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பேச்சுப் பரவியது. மாத்தளையில் ஒரு தமிழ்ப் பொம்பளை இருக்கிறாள், ஆட்களைப் படத்திலிருந்து தேடி எடுத்துத் தருவாள் என்றார்கள். சிங்கள அம்மாமார் வந்தார்கள். இந்தியாவுக்குப் போனவர்களின் சொந்தக்காரர்கள் தோட்டங்களிலிருந்து வந்தார்கள். எடுத்த பிரதிகளைக் கொடியில் தொங்கவிட்டால் வருகிறவர்களே பார்த்து அடையாளம் சொல்லட்டும் என்று ஸமத்தின் மேல்மாடியில் தொங்கவிட்டாள். கிராம்பு வாசனைக்கு நடுவே முகங்கள் ஆடின. சனங்களே அந்த மாடிக்குப் பெயரும் வைத்தார்கள். தமிழர்கள் படவீடு என்றார்கள், முஸ்லிம்கள் போட்டோ ஊடு என்றார்கள், சிங்களவர்கள் போட்டோ கெதர என்றார்கள். காட்சிசாலை என்ற பெரிய பெயரெல்லாம் பின்னால் வந்தது.

படமெடுக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்று அங்கே உருவானதுகூடத் திட்டமிட்டு அல்ல. வீடு வீடாகப் போக ஒருத்தியின் கால் போதவில்லை. எல்கடுவவிலிருந்து வேலம்மா வந்தாள், கொழுந்து பறிக்கப் பிடிக்காமல் வந்தவள். ஸமத்தின் பேத்தி ஹமீமா வந்தாள், உயர்தர வகுப்பு வரை படித்தவள். முஸ்லிம் வீடுகளில் உள்ளறை வரை போக ஹமீமாவால்தான் முடிந்தது. கமலாட்சி நல்ல வாத்தியார் இல்லை. பாதி சொல்லும்போதே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிடுவாள். கேட்டதையே திரும்பக் கேட்டால் சீறுவாள். படிப்பித்துக் கொடுத்ததெல்லாம் ஹமீமாதான். நோனா என்ற மலாய்ப் பெண்ணும் தம்புள்ளைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்தபோது, ஹமீமா மூன்று மொழியிலும் ஒரு பலகை எழுதி மாட்டினாள். கமலாட்சி அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"மியூசியமாம், ஸ்கூலாம். ஏன் புள்ள, நம்மள ஒரே இடத்துல ஆணியடிக்கவா பாக்குற?"

"நீங்க அலையிறதுக்கு அலைங்கொ மாமி. திரும்பி வாரதுக்கு ஒரு இடம் வேணுமே" என்றாள் ஹமீமா.

யுத்தம் மறுபடி மூண்ட இரண்டாயிரத்து ஆறில் அந்தப் பலகையே வினையாயிற்று. தமிழ்ப் பொம்பளை குண்டு வைக்கிறவர்களுக்காகக் கோயில், பாலம், சந்தி என்று படம் சேர்க்கிறாளாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். சோதிக்க வந்தவர்கள் கொடிகளை அறுத்து, முகங்களையெல்லாம் தரையில் குவித்துப் பார்த்தார்கள். படவீடு நாலைந்து மாதம் பூட்டிக் கிடந்தது. கமலாட்சி தினமும் காலையில் வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். கடைசியில் பூட்டைத் திறக்க வைத்தது சோமாவதியும் அவளைப் போன்ற அம்மாமாரும்தான். வெள்ளைச் சேலையில் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க புள்ளைங்க உள்ள இருக்காங்க, திறங்க" என்றார்கள். திறந்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், யுத்தம் முடிந்ததென்று வீதியில் பட்டாசு வெடித்தது. பாற்சோறு கொடுத்தார்கள். தங்கள் பையன்கள் இனிச் சண்டைக்குப் போகவேண்டியதில்லை என்று சிலர் நிஜமாகவே அழுதார்கள். கமலாட்சி கதவைச் சாத்திவிட்டு, வெளியேயும் போகாமல் உள்ளேயும் இருக்காமல் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் காத்தாயி வந்தாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு ஓடிப்போன குடும்பத்தவள். கடைசிச் சண்டையில் புருசனைப் பறிகொடுத்து, மகன் இருளாண்டியைக் கூட்டத்தில் தவறவிட்டு, சுகமில்லையென்று முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து ரத்தோட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"எங்ககிட்ட ஒரு படம்கூட இல்லீங்க. பதுங்குகுழியில போட்டது போட்டபடி. நீங்க தேடிக் குடுப்பீங்கன்னு தங்கச்சி சொன்னா."

"உங்க பக்கத்து வீட்டு ஆளுங்க இப்ப எங்க இருக்காங்க?"

"செட்டிகுளத்துல. முள்ளுக்கம்பிக்கு உள்ள."

ஹமீமா எவ்வளவோ தடுத்தாள். கமலாட்சி கேட்கவில்லை. தம்புள்ளை, மதவாச்சி என்று ஒவ்வொரு சோதனைத் தடையிலும் இறங்கி ஏறி, வவுனியாவுக்குப் போனாள். முகாமுக்குள் விடவில்லை. கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, மாலையில் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பிக்கு அப்பால் ஆயிரக்கணக்கில் சனம். கூப்பிட்டுக் கேட்கவும் முடியவில்லை. கம்பியோரம் நடந்து நடந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

காத்தாயி மேல்மாடியில் காத்திருந்தாள். கமலாட்சியின் வெறுங்கையைப் பார்த்தாள்.

"மறுபடி போவேன்" என்றாள் கமலாட்சி. "விடுற வரைக்கும் போவேன். இப்ப நீங்க இப்பிடி வெளிச்சத்துக்கு வாங்க. ஒரு படம் எடுத்துர்றேன்."

"எனக்கு எதுக்குங்க படம்? புள்ள இல்லாம நான் மட்டும் நின்னு என்னத்துக்கு?"

"மகன் செத்தத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அவரு உசிரோட இருந்தா உங்களத் தேடுவாருல்ல? ஒங்க முகம் மாதிரி ஒரு முகத்தப் பாத்தீங்களான்னு ஊர் ஊராக் கேப்பாரு. கையில என்ன வெச்சிட்டுக் கேப்பாரு?"

கீழே வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வேலம்மா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். கமலாட்சி கேமராவைத் தூக்கிக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

காத்தாயி நாற்காலிக்கு அருகே வந்து, உட்காராமல், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "சீப்பு இருக்கா? தலையச் சீவிட்டு வர்றேன்."